பாமினியில் அடித்த பக்கங்களை மீட்பது

1990களிலும் 2000களின் முதல் பாதியிலும் கணினியில் அடித்த தமிழ் ஏராளமாக நம் வீடுகளில் கிடக்கிறது. சிறுபத்திரிகைகள், தலபுராணங்கள், ஆய்வேடுகள், சங்கத் தீர்மானங்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் எழுதிய ஊர் வரலாறுகள். சிடி நன்றாகவே இருக்கிறது, கோப்பும் திறக்கிறது. ஆனால் திரையில் வருவதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் அதற்குள் முழுசாக இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். எப்படி எடுப்பது என்பதோடு, இந்த நிலைமை ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் புரிந்தால்தான் கை சரியான இடத்துக்குப் போகும்.

நான் திருநெல்வேலி டவுனில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு 90களின் நடுவில் ஒரு டிடிபி சென்டரில், அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அடித்து அமைத்துத் தரும் கடையில், சேர்ந்தவன். அப்போது ஈய எழுத்துக் கோக்கும் அச்சகங்கள் ஒவ்வொன்றாக ஆப்செட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. முப்பது வருடம் நின்றுகொண்டே எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்கள் பலருக்கு வேலை போனது. எங்கள் கடைக்கு வந்த ஒருவர் மட்டும் புரூப் பார்ப்பவராக நிலைத்தார். கணினியைத் தொட மாட்டார். ஆனால் டிரேசிங் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, எந்த வரியில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று விரலை வைப்பார். இன்னொரு பக்கம், டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்து வந்த பெண்களுக்கு ஊரிலேயே உட்கார்ந்து செய்யும் ஒரு வேலை முதல்முறையாகக் கிடைத்தது. தகவல் தொழில்நுட்பம் என்றால் பெங்களூரும் சென்னை டைடல் பார்க்கும் மட்டும்தான் என்று பேசுகிறார்கள். எங்களுக்கு அது பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருள் ஏற்றிய ஒரு கணினியும், பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலியும்தான்.

சரி, எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடங்கள். அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறியீடுகளுக்கும் உரியவை. தமிழ் எழுத்து 247. எல்லாவற்றையும் முழுசாக அடைக்க இடம் பத்தாது. அதனால் எழுத்தைத் துண்டாக்கி, கொம்பு ஒரு இடம், கால் ஒரு இடம், புள்ளி ஒரு இடம் என்று வைத்தார்கள். அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் போட்டுவைக்கும் கேஸ் இருக்கிறதே, அதில் ஒவ்வொரு அச்சகமும் தன் இஷ்டத்துக்கு எழுத்தை அடுக்கியிருந்தால் எப்படியோ, அப்படித்தான். ஒரு நிறுவனம் ‘க’வை வைத்த அறையில் இன்னொன்று ‘ட’வை வைத்திருக்கும். வாங்கியவர் வேறு எழுத்துருவுக்குப் போய்விடக் கூடாது என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருந்தது என்பது என் எண்ணம்.

பாமினி இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கில எழுத்துகள் இருக்கும் அதே இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தது. இலங்கையிலும், அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடமும், தமிழ்நாட்டு டிடிபி கடைகளிலும் அது பரவலாக ஓடியது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். அது அம்மா என்பது கணினிக்குத் தெரியாது. பாமினி என்ற முகமூடி இருக்கும்வரை நம் கண்ணுக்கு அம்மா தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி.

இதைத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம் முதலில் வெளிநாட்டுத் தமிழர்களுக்குத்தான் வந்தது. நாங்கள் காகிதத்தில் அச்சடித்தால் போதும் என்றிருந்தோம். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் 1995 அக்டோபரில் அந்நாட்டுக் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் இருந்தது. அதற்கு உழைத்த நா. கோவிந்தசாமி 1999இல் காலமாகிவிட்டார். 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் தொடர்ச்சியாக, எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று வகுக்கும் டாப், டாம் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்நாடு அரசு அறிவித்தது; கூடவே தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. இணையத்தில் கூடிப் பேசிய ஆர்வலர்கள் திஸ்கி என்று இன்னொன்றை உருவாக்கியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தவைதான் எல்லாமே. ஆனால் ஒன்றுக்குப் பதில் பல தரங்கள் நின்றன.

இதற்கெல்லாம் முன்பே, 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். உலகத்தின் எந்தக் கணினியிலும் ‘அ’ என்றால் ஒரே எண். முகமூடி தேவையில்லை. வீட்டுக் கணினிக்கு அது வந்துசேரத்தான் காலம் பிடித்தது. விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய, கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு டிக் போட வேண்டியிருந்தது. போட்டால் எக்ஸ்பி சிடி கேட்கும். சிடி யாரிடமும் இருக்காது.

இந்தக் குழப்பத்தில் பிழைத்து வந்ததற்கு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் உலகம் முழுவதுமிருந்த தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். எழுத்துமுறை மாறும்போதெல்லாம் நூல்களையும் கூடவே மாற்றினார்கள். திஸ்கியில் இருந்தது யூனிகோடுக்கு வந்தது. அதே ஆண்டுகளில் எங்களைப் போன்ற கடைகளில் அடித்த புத்தகங்களுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. ஆசிரியருக்குப் புத்தகம் கையில் வந்தால் போதும், அச்சகத்துக்குப் பில் தீர்ந்தால் போதும், கோப்பு யாருடையது என்று யாருமே கேட்கவில்லை.

யூனிகோடு வந்த பிறகும் டிடிபி கடைகள் ஏன் மாறவில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. நாங்கள் சோறு சாப்பிட்ட பேஜ்மேக்கர், 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அதற்கு யூனிகோடு தெரியவே தெரியாது. பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைனில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக உட்கார 2012இன் சிஎஸ்6 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை வாங்கும் வசதி சின்னக் கடைகளுக்கு இல்லை. யூனிகோடில் வந்த கட்டுரையைக்கூடப் பழைய எழுத்துருவுக்குப் பின்னோக்கி மாற்றித்தான் புத்தகம் கட்டினோம். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று அரசாணை வந்தது. சரியான முடிவு. ஆனால் ஆணையைவிட விரல் பழக்கம் கெட்டி. இன்றும் பல அறிக்கைகளின் பிடிஎப்பில் இருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், குப்பைதான் வரும். கண்ணால் படிக்கலாம், தேட முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. ஒரு ஆவணம் பொதுவில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம், அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியவருக்கோ அது இல்லாததற்குச் சமம்.

ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் வாத்தியாராக இருந்தவர், சுற்றுவட்டாரத்துத் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளை எல்லாம் பாடியவர் பெயர், வயதோடு தொகுத்து வைத்திருந்தார். புத்தகமாக வரவேண்டியது, புரூப் கட்டத்திலேயே நின்றுபோயிற்று. அவர் இறந்தபின் மகள் ஒரு சிடியையும் புரூப் கட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, அப்பா இருக்கும்போதே கேட்டு வச்சிருக்கணும். இப்போ எதுல அடிச்சாங்கன்னு சொல்ல ஆளே இல்ல.”

“அந்த புரூப் கட்டைக் கொடுங்கம்மா, அது போதும்” என்றேன். நிஜமாகவே அது பெரிய துணை. ஒரு பக்கம் அச்சில் இருந்தால், திரையில் தெரியும் குப்பையின் முதல் வரியையும் காகிதத்தின் முதல் வரியையும் பக்கத்தில் வைத்து எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிடலாம். வேர்டு கோப்பாக இருந்தால் இன்னும் சுலபம். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும், வரியில் கர்சரை வைத்தால் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயரைக் காட்டும். இவருடைய கோப்பில் பாட்டெல்லாம் பாமினி, தலைப்புகள் வேறொரு எழுத்துரு, இடையிடையே ஆங்கிலத்தில் சில குறிப்புகள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடு ஆக்கும் கருவிதான் மாற்றி; முழுக் கோப்பையும் அள்ளி அதில் போட்டால், அது ஆங்கிலக் குறிப்பையும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். நான் செய்வது இது: முதலில் கோப்புக்கு ஒரு நகல். வேர்டின் தேடும் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்து, ஆங்கிலத் துண்டுகளை மட்டும் தேடி எடுப்பேன். எடுத்த இடத்தில் 1001, 1002 என்று எண் போட்டுவிட்டுத் துண்டுகளைத் தனியாக வைப்பேன். பாமினியில் எண்கள் எண்களாகவே இருப்பதால் மாற்றத்தில் அவை சேதமாகாது. வேறு எழுத்துருவில் உள்ள தலைப்புகளையும் இப்படியே பிரித்துத் தனியாக மாற்ற வேண்டும். மாற்றி முடித்தபின் எண்ணைத் தேடித் துண்டுகளைத் திரும்ப வைத்தால் போதும். மாற்றுவதற்கு சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. மகள் திரையைப் பார்த்து, “எல்லாம் சரியா வந்திருச்சே” என்றார். தேடும் பெட்டியில் ‘அவர்’ என்று அடித்துக் காட்டினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பக்கமெல்லாம் அவர் என்று கண்ணுக்குத் தெரிந்தும்.

காரணம், தட்டச்சுப் பழக்கம். பழைய அச்சு வடிவத்தில் ‘ர்’ எழுத்துக்கு அடிக்கோடு இருக்காது, கால் மேல் புள்ளி வைத்தது போலவே இருக்கும். அதனால் ர் வரவேண்டிய இடத்தில் காலையும் புள்ளியையும் அடித்துவிடுவார்கள். காகிதத்தில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு வரும்போது அது ‘அவா்’ ஆகிறது. இன்னும் மோசம், முன்னால் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ இருந்தால் அது காலோடு ஒட்டிக்கொள்ளும்: ‘சேர்ந்த’ என்பது ‘சோ்ந்த’ ஆகிவிடும், ‘நேர்’ என்பது ‘நோ்’ ஆகிவிடும். செய்தித் தளங்களிலேயே இதைத் தினமும் பார்க்கலாம். அடுத்தது ‘ள’. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறிக்குத் தனி வடிவம் கிடையாது, கொம்பும் ளகரமும்தான். மாற்றிக்கு எது எது என்று தெரியாமல் ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்றும், ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்றும் எழுதிவைக்கும்.

நல்லவேளையாக, இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே திருத்தலாம். தமிழில் காலுக்குப் பின்னால் புள்ளி வரவே வராது. ஆகவே ‘ா்’ எங்கே இருந்தாலும் ‘ர்’ என்று மாற்றுங்கள். ‘ோ்’ இருந்தால் ‘ேர்’, ‘ொ்’ இருந்தால் ‘ெர்’. அதேபோல ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரமே இல்லை, கொம்பும் ளகரமும்தான். இந்த வரிசையில் செய்தால் பெரும்பாலான பிழைகள் போய்விடும்.

கண்ணை மூடிக்கொண்டு திருத்த முடியாததும் உண்டு. வேர்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன கே என்றால் ‘ம’, பெரிய கே என்றால் ‘மு’. முற்றுப்புள்ளிக்கு அடுத்து ‘மரம்’ என்று அடித்தால் ‘முரம்’ ஆகிவிடும். அடிப்பவர் கவனிக்காமல் போயிருப்பார். அதை மனிதர்தான் பிடிக்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டு வேறு. அகராதியில் இல்லாத சொற்கள்தான் அதன் உயிர். எந்தச் சொல்திருத்தியும் அங்கே உதவாது. மகள் ஒவ்வொரு பாட்டாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம். வாசிக்கும்போதே நிறுத்தி, “அந்தச் சொல் அப்படி இல்லட்டி” என்று பாடியே காட்டிவிடுவாராம். ஊரும் பாடியவர் பெயரும் குறித்திருந்ததால், மாறுபட்ட வடிவம் எது, தட்டச்சுப் பிழை எது என்று பிரிக்க முடிந்தது.

சிடியில் சில பகுதிகள் படிக்க முடியாமல் போயிருந்தன. அவற்றுக்கு புரூப் தாளை ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தோம். படத்தில் உள்ள தமிழை எழுத்தாக மாற்றித் தரும். தெளிவான அச்சுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ர, கால் இரண்டையும் குழப்பும். ‘ஆராரோ ஆரிரரோ’ என்று போகும் தாலாட்டு அதனிடம் படும் பாட்டைச் சொல்லி மாளாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பழைய ணை, லை, றா வடிவங்களில் தடுமாறும்.

இன்னும் சில இடங்களில் ஆட்கள் நஷ்டப்படுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பழைய நோட்பேடில் யூனிகோடு தமிழை ஒட்டி, ‘ஆன்சி’ என்ற பழைய முறையிலேயே சேமித்தால் எல்லா எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அதை உலகத்தில் யாராலும் மீட்க முடியாது. 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10இல் யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎப்-8 முறை தானாகவே வரும், அதற்கு முந்தைய கணினி என்றால் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்த அழைப்பிதழ், அட்டை முதலியவற்றை அச்சகத்துக்கு அனுப்பும்போது ‘கர்வ்ஸ்’ ஆக்கிவிடுவார்கள். அதில் எழுத்து இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது; மாற்றியில் போட்டுப் பயனில்லை, ஸ்கேன் வழிதான். பேஜ்மேக்கர் கோப்பு என்றால் புதுக் கணினியில் திறக்க மல்லுக்கட்ட வேண்டாம். பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதில் திறந்து, உரையை வேர்டு திறக்கக்கூடிய ஆர்டிஎப் கோப்பாக ஏற்றுமதி செய்து எடுத்துவந்துவிட்டால் பிறகு எல்லாம் வேர்டு வேலைதான்.

புதிதாகப் புத்தகம் போடுகிறவர்கள் அச்சகத்தாரிடம் அச்சுப் பிடிஎப்போடு யூனிகோடு உரைக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள், முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் கிடைக்காது. ஆய்வேடு முடிக்கிற மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். இன்று செல்போனில் ‘தாமிரபரணி’ என்று பேசினால் தமிழில் அடிக்கிறது, தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. அந்தப் பக்கங்களில் 1990களில் எழுதிய நம் ஊர் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அவர்கள் எழுதாமல் இல்லை. அடித்துக் கொடுத்த எங்களுக்குத் தெரியும் எவ்வளவு எழுதினார்கள் என்று.

வாத்தியாரின் தொகுப்பு இப்போது யுடிஎப்-8 உரைக்கோப்பாகவும் பிடிஎப்பாகவும் இருக்கிறது. ஒரு நகல் மகளிடம், ஒன்று அவருடைய தம்பியிடம், ஒன்று அவர் படித்த கல்லூரியின் தமிழ்த்துறையில். பழைய பாமினிக் கோப்பையும் அழிக்கவில்லை. மாற்றத்தில் சந்தேகம் வந்தால் மூலத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

டிடிபி தொழிலில் இருந்த நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் பழைய கணினியைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். நீங்கள் பயன்படுத்திய விசைப்பலகை மென்பொருளின் அமைவுக் கோப்பு இருந்தால் அதையும். எந்த எழுத்துருவில் யாருடைய புத்தகத்தை அடித்தீர்கள் என்பது நினைவிருந்தால் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.